குளிர் காட்டாத நாற்று

நாத்தக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் மரியாதை கூடும். சாதாரண நாட்களில் கணவரை "ஏங்க" என்பாள். கடைக்குப் போனவர் உப்பை மறந்து வந்தால் "ஐயா" ஆகிவிடுவார். சாவியைத் தொலைத்தால் "துரை". கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஒரு தடவைதான் அது "மகாராஜா" வரைக்கும் போயிருக்கிறது. அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவில் காதை வைத்துக்கொண்டும் நின்றார்கள்.

தக்காளி நாற்று வளர்த்து விற்பதால் அவளுக்கு அந்தப் பெயர். ஊரே அன்பாகத்தான் கூப்பிடும். அவளுடைய நாத்தனார் மட்டும் 'நாத்த' என்ற இடத்தில் ஒரு நொடி நிறுத்தி, மூக்கைச் சுருக்கி, அதற்கப்புறம் 'அக்கா'வைச் சேர்ப்பாள்.

அந்த வீட்டில் வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. விதையிலிருந்து இரண்டு இலை விரியும்வரை நாற்று அக்காவின் கையில். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் தேங்காய் நார்த்தூளைச் சலித்து, ட்ரேயில் குழிகுழியாக நிரப்பி, குழிக்கு ஒரு விதை வைத்து, மேலே விரல் நுனியால் தட்டுவாள். அந்தத் தட்டலில் ஒரு கணக்கு உண்டு. பலமாகத் தட்டினால் விதைக்கு மூச்சு முட்டும். லேசாகத் தட்டினால் முளை தலையில் விதைத்தோல் தொப்பியோடு வெளியே வந்து, அதைக் கழற்றத் தெரியாமல் நிற்கும்.

இரண்டு இலை விரிந்த பிறகு நாற்று கணவரின் தோளுக்குப் போய்விடும். தெருக்கோடியில் ஐஸ் தொழிற்சாலை. அதையொட்டி ஒரு தகரப்பந்தல். பகலெல்லாம் ட்ரேக்கள் பந்தலில் வெளிச்சத்தில் இருக்கவேண்டும். சாயந்திரமானால் ஒவ்வொன்றாகத் தூக்கி, ஐஸ் உறையும் அறைக்கு முன்னால் இருக்கும் குளிர் அறையில் அடுக்கவேண்டும். விடிந்ததும் திரும்ப வெளிச்சத்துக்கு. இப்படியே கிட்டத்தட்ட இரண்டு வாரம். ஒரு நாள் விட்டாலும் பிரயோசனமில்லை. இலை நாலைந்தாக ஆன பிறகு செய்தாலும் பிரயோசனமில்லை. சின்ன வயதிலேயே குளிர் பட்ட நாற்று தண்டு தடித்து, குட்டையாக, கிண்ணென்று நிற்கும். நட்ட பிறகு முதல் பூங்கொத்து தரைக்குப் பக்கத்திலேயே வரும். கொத்தில் பூவும் நெருக்கமாக இருக்கும். மற்றவர்களின் செடி பூக்க யோசித்துக்கொண்டிருக்கும்போது அக்காவின் நாற்று காயோடு நிற்கும். இதற்கு அவள் வைத்த பெயர் 'குளிர் காட்டறது'. பிள்ளைக்கு வேடிக்கை காட்டுகிற மாதிரி.

அந்தக் குளிர் அறையைப் பற்றி ஐஸ்காரர் நிறையச் சொல்வார். உள்ளே பொய் சொன்னால் வார்த்தை பாதியிலேயே விறைத்துத் தொண்டையில் நின்றுவிடும் என்பார். அவர் இதைச் சொன்னது அறைக்கு வெளியே நின்றுகொண்டு.

இவ்வளவும் சொன்னது, அந்த வருஷம் கணவர் ட்ரே தூக்கவில்லை என்பதைச் சொல்வதற்காக.

அது அக்காவுக்குத் தெரியாது. நாற்று எப்போதையும்விட அழகாக வந்தது. குட்டையாக, கரும்பச்சையாக, பிளாஸ்டிக் செடி மாதிரி ஒரே அளவில். "இந்த வருஷம் என் நாத்தைப் பாருங்க" என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். இருக்கிறதிலேயே நல்ல ட்ரேக்களைத் தன் தங்கைக்கு ஒதுக்கினாள்.

தங்கை அதுவரை துணி தைக்கும் கம்பெனியில் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். நாளெல்லாம் காலர். மற்றவர்கள் சட்டையின் கழுத்தையே பார்த்துப் பார்த்து, மனுஷர்களின் முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கமே விட்டுப்போய்விட்டது என்பாள். அதை உதறிவிட்டு வாய்க்காலோரம் ஒரு நிலத்தைப் பிடித்திருந்தாள். நிலக்காரர் ஒரு பருவத்துக்குத்தான் கொடுத்திருந்தார். "முதல் தக்காளி சிவக்கட்டும், வந்து பாக்கறேன். உனக்கு வேளாண்மை வருதுன்னா நிலம் தொடர்ந்து உனக்கு. இல்லேன்னா வேற ஆளுக்கு" என்று சொல்லியிருந்தார். ஊரில் எல்லோருக்கும் முன்னால் தங்கை நிலம் முழுக்க அக்காவின் நாற்றையே நட்டாள். வேறு எங்கும் ஒரு ட்ரேகூட வாங்கவில்லை.

நட்டதோடு சரி. நாற்று நட்ட இடத்தில் நட்ட உயரத்தில் நின்றது. பக்கத்து வயலில் வேறு யாரிடமோ வாங்கி நட்ட செடி முழங்காலுக்கு வந்தபோது இவள் செடி கணுக்காலைத் தாண்டவில்லை. பந்தலில் ட்ரேக்களின்மேல் படுத்துத் தூங்கும் ஒரு பூனைக்குட்டி இருந்தது. அதுவும் அந்த வருஷம் வளரவில்லை. இப்போதும் அது குட்டிதான். நடுவில் அதற்கே மூன்று குட்டி பிறந்து, அவையெல்லாம் அம்மாவைவிடப் பெரிதாகித் தனிக்குடித்தனம் போய்விட்டன.

தங்கை அக்காவிடம் வந்து நின்றாள். கொட்டகையில் நாற்று வாங்க நாலு பேர் இருந்தார்கள்.

"அக்கா, செடி அப்படியே நிக்குதுக்கா. ஒரு தடவை வந்து பாரேன்."

"என் நாத்தா நிக்குது? நீ என்ன பண்ணினே?"

"நான் என்ன பண்ணேன். நீ சொன்னபடிதான் தண்ணி விடறேன்."

"தண்ணி விட்டா மட்டும் போதுமா? காலர் வைக்கிற மாதிரி வரிசையா குத்திட்டுப் போயிருப்பே. ஆழமா நட்டுட்டியா? வேருக்கு மூச்சு முட்டுதோ என்னவோ."

"ஆழமா நடலக்கா."

"எல்லாரும் இதே நாத்தைத்தானே வாங்கறாங்க. உனக்கு மட்டும் ஏன் நிக்குது? நாத்து மேல பழி போடாதே. கையைப் பாரு."

வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். தங்கை தன் கையைப் பார்த்தாள். ஊசி குத்திய தழும்புகள் இருந்தன. வந்த வழியே போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவள் செடியைப் பற்றிக் கேட்க அக்காவிடம் வரவில்லை. மாமாவிடம் கேட்டாள். அக்காள் கணவர் உதவி செய்கிறேன் என்று அடிக்கடி வயலுக்குப் போய்வந்தார். மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு போவார். அக்காவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் தங்கை என்றால் அவருக்கு உயிர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

உண்மை வெளியே வந்தது ஒரு தலைவலியில்.

வெயில் ஏறிய ஒரு காலையில் ஐஸ்காரர் கொட்டகை வழியாகப் போனார். தலையில் ஈரச்சாக்கு. நின்று நிதானமாகக் கேட்டார்.

"வீட்டுக்காரருக்குத் தலைவலி எப்படியிருக்கும்மா?"

"தலைவலியா? முதுகுவலிதானே அவருக்கு."

"முதுகுமா? பாவம். நான் தலைவலின்னுல்ல நெனச்சேன். தினமும் விடியக்காலைல வந்து ஒரு கை ஐஸ் வாங்கிட்டுப் போனாரே. நெத்தியில வைக்கன்னு சொன்னாரு."

"ட்ரே எடுக்க வரப்போ வாங்கியிருப்பாரு."

"எந்த ட்ரே?"

அக்கா நார்த்தூள் சல்லடையைக் கீழே வைத்தாள்.

"இந்த வருஷம் நீங்க உள்ள ட்ரே வைக்கவே இல்லியேம்மா," என்றார் ஐஸ்காரர். "நான்கூடக் கேட்டேன். குளிர் காட்டறதெல்லாம் விட்டாச்சு, இப்ப புது முறைன்னாரு. காலியா கெடந்துச்சேன்னு நான் கேரட் மூட்டைய அடுக்கிட்டேன். ஏம்மா, தப்பா சொல்லிட்டனா?"

"இல்லண்ணே. ரொம்பச் சரியா சொன்னீங்க."

அவர் போன பிறகு அக்கா சல்லடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். தினமும் காலையில் பந்தலுக்குப் போனதும் அவள் செய்கிற முதல் காரியம் ட்ரேயின் ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பது. சில்லென்று இருக்கும். சரி, குளிர் ஏறியிருக்கிறது என்று திருப்தியாகத் திரும்புவாள். ஒரு கை ஐஸ் எங்கே போயிருக்கிறது என்பது இப்போது புரிந்தது. ட்ரே ட்ரேயாக ஓரத்தில் தேய்த்திருக்கிறார். குளிர் அறைக்குத் தூக்கிப் போகிற வேலைக்கு இது கொஞ்சம்தான் குறைச்சல். ஏமாற்றுகிறவர்களும் உழைக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஆனால் அவளுக்குக் கண் சிவந்தது அதற்காக இல்லை.

தினமும் காலையில் அவர் முனகிக்கொண்டு வந்து குப்புறப் படுப்பார். அவள் எண்ணெயைச் சூடு பண்ணி அந்த முதுகில் தேய்ப்பாள். "இங்க இங்க" என்பார். இடது பக்கம் கொஞ்சம் கீழே என்பார். அவள் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, "என் நாத்துக்காக இவ்ளோ கஷ்டப்படறீங்களே" என்று சொல்வாள். ஒரு நாள் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அந்தத் தண்ணீரை நினைத்தபோதுதான் எழுந்தாள்.

அவர் உள்ளே தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெங்காயத்தைக் கையால் உடைத்து, சோற்றோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தார்.

"மகாராஜா சாப்பிட்டாச்சுங்களா?" என்றாள்.

அவர் வாயிலிருந்த வெங்காயம் அப்படியே நின்றது.

"என்ன ஆச்சு?"

"முதுகு எப்படி இருக்குன்னு கேக்க வந்தேன் மகாராஜா. இடது பக்கம், கொஞ்சம் கீழ."

"இப்ப பரவால்ல."

"பரவால்லையா? நெத்தியில ஐஸ் வச்சது முதுகுல கேட்டிருக்கும்."

அவர் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த யோசனையையும் தள்ளி வைத்தார்.

"மாப்பிள்ளைதான் சொன்னாரு," என்றார்.

மாப்பிள்ளை என்றால் அவருடைய தங்கை புருஷன், நாத்தனாரின் வீட்டுக்காரர். கடைத்தெருவில் உரமும் பூச்சிமருந்தும் விற்பவர். எல்லோரும் அவரை டாக்டர் என்பார்கள். செடிக்கு மருந்து சொல்லிப் பழகி, வயிற்றுவலி என்று வருகிற ஆளிடம்கூட "இலை மஞ்சளா இருக்கா?" என்று கேட்பார்.

"என்ன சொன்னாரு?"

"இவ்ளோ ட்ரேயத் தூக்கிட்டு ஏன் மச்சான் அல்லாடறீங்க, ஒரு மருந்து இருக்கு, நாத்து குட்டையாயிரும், தண்டு தடிச்சிரும், குளிர் காட்டின மாதிரியே இருக்கும்னாரு. ஒரு டேங்குக்கு ஒரு மூடி."

"மாதிரியே இருக்கும். ஆனா குளிர் காட்டினதா?"

"பாக்க அதே மாதிரிதானே இருந்துச்சு. நீயே எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினியே."

அது அவர் சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. சொன்ன பிறகு அவருக்கே தெரிந்தது.

"ஆமா, நான்தான் காட்டினேன்," என்றாள். "என் தங்கச்சிய நாலு பேர் முன்னாடி கையைப் பாருன்னு சொன்னதும் நான்தான். நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"அங்கதான். நார்த்தூள் மூட்டைக்குப் பின்னாடி."

"கேட்டுக்கிட்டா?"

"கேட்டுக்கிட்டுதான்."

"அந்த வாயைத் தெறந்து ஒரு வார்த்தை சொல்லலை."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ பேசிட்டே இருந்தே."

அவள் அவருடைய தட்டை எடுக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தாள். அவர் கையைக்கூடக் கழுவாமல் பின்னால் ஓடினார்.

டாக்டர் கடையில் மேஜைக்குப் பின்னால் நாத்தனார் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். மருந்து நெடியில் அந்தக் கடையில் ஈ உட்காராது. மனுஷர்கள் மட்டும் உட்கார்வார்கள்.

"வாங்க நாத்த... க்கா," என்றாள்.

"நாத்தமும் வந்திருக்கு, அக்காவும் வந்திருக்கா. உன் வீட்டுக்காரரைக் கூப்பிடு."

டாக்டர் உள்ளிருந்து வந்தார். நீண்டு, முனையில் கொஞ்சம் கீழே வளைந்த மூக்கு அவருக்கு. கண்ணாடி அதில் வழுக்கி வழுக்கி இறங்கும்.

"என்னம்மா, என்ன பிரச்சனை? இலை சுருளுதா?"

"அண்ணே, என் நாத்துக்கு என்ன மருந்து குடுத்தீங்க?"

"அதுவா. வளர்ச்சிய அடக்கற மருந்து. உலகம் பூரா அடிக்கறாங்கம்மா. நீங்கதான் இன்னும் ஐஸ் கம்பெனிக்குச் சுமந்துட்டு இருக்கீங்க."

"அடக்கிச்சு. இன்னும் அடங்கியே கெடக்கு. எந்திரிக்க மாட்டேங்குது."

"அப்படி ஆகாதே. ஒரு டேங்குக்கு ஒரு மூடி சொன்னேன். மச்சான், எவ்ளோ ஊத்தினீங்க?"

"ஒரு மூடிதான்," என்றார் கணவர், வாசலில் நின்றபடியே.

"எந்த மூடி?" என்றாள் அக்கா.

கடைக்குப் பொருள் வாங்க வந்தவர்களும் கணவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாட்டில் மூடி முதல் நாளே உருண்டு சாக்கடையில விழுந்துருச்சு," என்றார் அவர். "அதனால மண்ணெண்ணெ டப்பா மூடியில ஊத்தினேன்."

"எங்க வீட்டு மண்ணெண்ணெ டப்பாவா?"

"அதேதான்."

அக்கா இரண்டு கையாலும் அந்த மூடியின் அளவைக் காட்டினாள். அதில் ஒரு ஆள் டீ குடிக்கலாம்.

டாக்டரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. "மூடின்னா பாட்டில் மூடின்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும்," என்றார். "இதுல என் தப்பு ஒண்ணும் இல்லம்மா."

"அளவு கோப்பை குடுக்கக் கூடாதா? நாட்டுல ஆளுக்கு ஆள் வேற வேற மூடி வச்சிருக்கோம்."

"எல்லாரும் மூடியிலதான் கேக்கறாங்க, மூடியிலதான் சொல்றோம்."

"மூடி மூடின்னே எல்லாத்தையும் மூடிட்டீங்க," என்றாள் அக்கா. "சரி, செடி நின்னுபோச்சுன்னு இவர் உங்ககிட்ட வந்து சொன்னப்ப என்ன பண்ணீங்க? என்கிட்ட சொன்னீங்களா?"

நாத்தனார் விசிறுவதை நிறுத்தினாள். "உங்கிட்ட யார் சொல்லுவா? நீ கத்துவே," என்றாள்.

"சொல்லலை. வேற மருந்து குடுத்தோம்," என்றார் டாக்டர். "காய் மருந்து. பூவுல அடிச்சா பூ உதிராது, காய் புடிச்சிரும். செடி சின்னதா இருந்தா என்ன, காய் வந்தாச் சரி. உங்க தங்கச்சி வயல்ல போய்ப் பாருங்க. காய் தொங்குது."

அக்கா திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

"மூடியா?" என்றாள்.

"இந்தத் தடவ பாட்டில் மூடிதான்," என்றார் அவர். பிறகு மெதுவாக, "ரெண்டு தடவ ஊத்தினேன். சீக்கிரம் வரட்டும்னு."

அவள் வயலுக்குப் போனபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை. ஈரம் மட்டும் இருந்தது. தங்கை குச்சி ஊன்றிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் குச்சியை இன்னும் பலமாக அடித்தாள்.

செடிகள் முழங்காலுக்கும் கீழே நின்றன. மருந்து பட்ட இலைகள் அகலம் போய், கத்தரித்த ரிப்பன் மாதிரி நூல்நூலாக முறுக்கியிருந்தன. அந்த இத்துனூண்டு செடியில் பெரிய பெரிய காய்கள் தொங்கின. ஒவ்வொரு காயின் அடியிலும் ஒரு மூக்கு. சில மூக்கு கூர்மையாக, சில கீழே வளைந்து. வரிசையாகப் பார்த்தால் டாக்டரின் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஏதோ விசேஷத்துக்கு வந்து தலைகீழாக உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். ஐஸ், மூடி, எண்ணெய்கூடச் சொன்னாள். தங்கை கேட்டுக்கொண்டே குச்சி அடித்தாள்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"நான் உன்னைச் சொன்னது தப்புடி."

"அது இப்ப எதுக்கு? நாளன்னைக்கு நிலக்காரர் வரார்."

"இதைக் காட்டப்போறியா?"

"ஆமா. காட்டத்தான் போறேன்." தங்கை ஒரு காயைப் பறித்து அக்காவின் கையில் வைத்தாள். பெரியதாக இருந்த அளவுக்குக் கனம் இல்லை. "உள்ள ஒண்ணும் இல்லக்கா. வெதை இல்ல, சாறு இல்ல. அறை அறையா காலி வீடு. நான் அறுத்துப் பாத்துட்டேன். ஆனா நிலக்காரர் வரப்பை விட்டு எறங்க மாட்டார். சேறு பட்டா அவருக்குப் பிடிக்காது. மேல நின்னு பாப்பார். செவப்பா, பெருசா, நெறையத் தெரியும். சரிம்பார். நிலம் எனக்கு நின்னுரும். அடுத்த நடவை நான் ஒழுங்கா பண்ணிக்குவேன்."

"அது பொய்யில்லியாடி?"

"பொய்யா? என்கிட்ட எது உண்மையா வந்துச்சு?" தங்கை முதன்முறையாக அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "நீ ஒண்ணு மட்டும் பண்ணு. அன்னிக்கு வராதே. வந்தாலும் வாயைத் தெறக்காதே."

"தெறக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்தச் சத்தியத்தை அவள் மனதாரத்தான் செய்தாள். அதில் சந்தேகம் வேண்டாம்.

நிலக்காரர் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, துடைத்த செருப்பு. வரப்பில் கால் வைக்குமுன் அது காய்ந்திருக்கிறதா என்று குடை நுனியால் குத்திப் பார்த்தார். யாரும் கூப்பிடாமலே டாக்டரும் வந்திருந்தார். கணவர் அவருக்குப் பின்னால் நின்றார். அக்கா கொஞ்சம் தள்ளி, உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"அட," என்றார் நிலக்காரர். "நல்லாவே காச்சிருக்கே. செடி இத்துனூண்டு, காய் எவ்ளோ பெருசு. புதுப் பொண்ணு, தேறமாட்டேன்னு நெனச்சேன்."

தங்கை தலையைக் குனிந்துகொண்டு, "பாத்து ஒரு முடிவு சொல்லுங்கய்யா," என்றாள்.

"சொல்லிரலாம். இதுல சொல்ல என்ன இருக்கு."

அந்த இடத்தில் எல்லோரும் சும்மா இருந்திருந்தால் போதும். அடுத்த வார்த்தையில் காரியம் முடிந்திருக்கும். ஆனால் டாக்டர் தொண்டையைக் கனைத்தார்.

"எல்லாம் நம்ம மருந்துங்கய்யா," என்றார். "இந்தக் குடும்பத்துல குளிர் காட்டறேன் குளிர் காட்டறேன்னு வருஷக்கணக்கா நாத்தைத் தூக்கிட்டு அலைஞ்சாங்க. பைத்தியக்கார வேலை. நான்தான் சொல்லித் திருத்தினேன். இப்ப பாருங்க, ஒரு ட்ரே தூக்கலை. இல்லையா மச்சான்?"

கணவர் தலையாட்டினார்.

பெரிதாக ஒன்றும் ஆட்டவில்லை. பழக்கதோஷம். யார் எதைச் சொன்னாலும் அவர் தலை அப்படி ஒரு முறை இறங்கி ஏறும். ஆனால் அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

வரப்பிலிருந்து இறங்கினாள். கண்ணில் பட்டதிலேயே பெரிய காயைப் பறித்தாள். டாக்டரின் முகத்துக்கு நேராக, மூக்குக்கு மூக்கு வைத்துப் பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் பிளந்தாள். பொத்தென்று ஒரு சத்தம், ஊதின காகிதப்பையை உடைத்த மாதிரி. உள்ளே வெள்ளையாகச் சுவர் இருந்தது. அதற்கு நடுவில் காற்று.

"இதாங்க உங்க மருந்து, மகராசரே," என்றாள். "நிலக்காரய்யாவும் பாத்துக்கட்டும்."

நிலக்காரர் குனிந்து பார்த்தார். குடை நுனியால் உள்ளே லேசாகத் தட்டினார்.

"வீட்டுல ஆளே இல்லியே," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதற்காகச் சொல்லவும் இல்லை. தங்கையைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றாள் தங்கை.

"தெரிஞ்சேதான் மேல நிக்க வச்சுக் காட்டினியா?"

"ஆமாங்கய்யா."

அவர் செருப்பைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "பருவம் முடிய எவ்ளோ நாள் இருக்கோ அவ்ளோ நாள் நிலம் உங்கிட்ட இருக்கட்டும். பேசினது பேசினதுதான். இன்னொரு நடவு அதுக்குள்ள காய் காட்டினா, நானே எறங்கி வந்து பாக்கறேன். இல்லேன்னா சாமானை எடுத்துக்க." குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

டாக்டர், "மூடி தப்புங்கய்யா, மருந்து தப்பில்ல," என்று சொல்லிக்கொண்டே அவர் பின்னால் ஓடினார். வாய்க்கால்வரை அவர் குரல் கேட்டது.

தங்கை செடிகளைப் பிடுங்க ஆரம்பித்தாள். பிடுங்கிப் பிடுங்கி வரப்பில் எறிந்தாள். அக்காவும் குனிந்து ஒரு செடியில் கை வைத்தாள்.

"தொடாதே," என்றாள் தங்கை.

"நான் உண்மையைத்தானேடி..."

"உண்மைக்காகவா காயைப் பொளந்தே? மாமா தலையாட்டினாரு, அதுக்குப் பொளந்தே. உன் வீட்டுச் சண்டைய உன் வீட்டுல போடறதுக்கென்ன? என் நிலத்துலதான் எடம் கெடச்சுதா?"

அக்காவுக்கு வாயில் பதில் இருந்தது. அது சரியான பதில் இல்லை என்பதும் தெரிந்தது. அதை விழுங்கிக்கொண்டு, நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். அவர் செடி பிடுங்கலாம் என்று ஒரு காலை வரப்பிலிருந்து இறக்கியிருந்தார். அவள் பார்த்ததும் காலை மேலே எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கே அக்கா விதை போட்டாள். நார்த்தூளைச் சலிக்கும்போது சல்லடை உடைந்துவிடுமோ என்று இருந்தது. யார் வாங்க வந்தாலும், "இப்ப விக்கறதுக்கு இல்ல. போன தடவை வாங்கினவங்க செடி நின்னுபோயிருந்தா வாங்க, புதுசா தரேன்," என்றாள். வந்தார்கள். ஆளாளுக்குக் கத்தினார்கள். அவள் நின்று கேட்டுக்கொண்டாள். கணவரையும் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்தாள். "யார் பண்ணினது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "இதோ இருக்காருங்க துரை, கேளுங்க," என்றாள். அவர் மூடிக் கதையை ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல மண்ணெண்ணெய் மூடி சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் வந்த ஆளிடம் அது சட்டைப் பொத்தான் அளவுக்கு ஆகியிருந்தது.

இரண்டு இலை விரிந்த நாளில் ட்ரேக்கள் பந்தலுக்குப் போயின. ஐஸ்காரர் கேரட் மூட்டைகளை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தார். சாயந்திரம் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு ட்ரேயில் கை வைத்தார்.

"வேணாங்க ஐயா," என்றாள் அக்கா. "முதுகு வலிக்கும்."

"நான் தூக்கறேன். நிஜமாவே தூக்கறேன்."

"நிஜமாவே தூக்கறேன்னு ஒருத்தர் சொல்லவேண்டி வந்துருச்சுன்னா, அப்புறம் அவர் தூக்கி என்ன? உக்காருங்க."

அவள் ஒரு ட்ரேயை இடுப்பில் வைத்துத் தூக்கப்போனாள். அப்போது எதிர்ப்பக்க நுனியை ஒரு கை பிடித்தது. தங்கை. எப்போது வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. அவள் ஒரு பழைய ஸ்வெட்டர் போட்டிருந்தாள். கழுத்தில் காலரைத் தானே தைத்து வைத்திருந்தாள்.

"வந்துட்டியா," என்றாள் அக்கா.

"உன்னைப் பாக்க வரல. இந்த வீட்டுல யார் கையையும் நம்பமாட்டேன். என் நாத்துக்கு நானே குளிர் காட்டிக்கறேன்."

"உன் நாத்து மட்டுமா இதுல இருக்கு? எல்லாருடையதும் இருக்கு."

"அப்ப எல்லாருடையதையும் நானே பாத்துக்கறேன். தூக்கு."

தூக்கினார்கள். ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால். நடை ஒத்துவரவில்லை. அக்கா இழுத்தால் தங்கை நின்றாள். தங்கை தள்ளினால் அக்கா, "மெல்ல, தண்டு ஒடியும்," என்றாள். "எனக்குத் தெரியும், கையைப் பாத்துக்கிட்டுதான் வரேன்," என்றாள் தங்கை. அந்தக் 'கை'யில் இருவருமே ஒரு நொடி நின்றார்கள். பிறகு நடந்தார்கள்.

கடைசி ட்ரேயை அடுக்கிய பிறகு இருவரும் உள்ளேயே நின்றுவிட்டார்கள். யார் ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. சின்ன வயதில் ஒருத்தி மற்றவளின் பாவாடையைக் கிழித்தது வரைக்கும் சண்டை பின்னால் போனது. மூச்சு புகையாக வந்தது. கோபம் ஏற ஏறப் பல் தந்தியடித்தது. "நீ எ-எப்பவும் இப்படித்தான், உ-உனக்கு உன் கோவம்தான் பெருசு," என்றாள் தங்கை. "நீ மட்டும் ஒ-ஒழுங்கா? எல்லாம் தெரிஞ்சும் வா-வாயை மூடிட்டு இருந்தியே," என்றாள் அக்கா. "மூடிங்கற பேச்சே எ-எடுக்காதே," என்றாள் தங்கை. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்திருக்கவேண்டிய இடம் அது. வரவில்லை. அவ்வளவு கோபம்.

ஐஸ்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

"அம்மா, சண்டை போடறதுன்னா போடுங்க. கதவைச் சாத்திட்டுப் போடுங்க. குளிரெல்லாம் தெருவுக்குப் போவுது. நாத்துக்கு எங்கேர்ந்து காட்டறது?"

அவரே கதவை இழுத்துச் சாத்தினார். வெளியே முக்காலியில் கணவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் தகரக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே குரல் ஏறியது, இறங்கியது, ஏறியது. ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் கழித்து ஐஸ்காரர் கதவைத் தட்டினார்.

"முடிஞ்சுதாம்மா?"

"இல்ல," என்றன இரண்டு குரலும் ஒன்றாக.

அவர் கதவின் கொக்கியை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு, ஐஸ் கட்டிகள் உருகாமலிருக்க மேலே உமியைத் தள்ளப் போனார்.